விடை தெரிந்தவன்

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நான் பல இரவுகள் கண் விழித்தேன். கதை எழுதுவதற்காக அல்ல. கனடாவில், டொராண்டோ நகரத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார்கள், அதைப் பார்ப்பதற்காக.

என் மனைவிக்கு இது விளங்கவே இல்லை. "உங்களுக்குத்தான் ஆடவே தெரியாதே?" என்றாள். அது முழு உண்மை அல்ல. காய்கள் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். ஆடினால் தோற்பேன், அவ்வளவுதான். சங்கீதம் பாடத் தெரிந்தவர்கள் மட்டுமா கச்சேரிக்குப் போகிறார்கள்? என்று கேட்டேன். "கச்சேரி ராத்திரி பன்னிரண்டு மணிக்கா ஆரம்பிக்கிறது?" என்று திருப்பிக் கேட்டாள். அங்கே பிற்பகல் இரண்டரை என்றால் நமக்கு நடு இரவு. இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

'கேண்டிடேட்ஸ்' என்று அந்தப் போட்டிக்குப் பெயர். உலக சாம்பியனை எதிர்த்து ஆடும் உரிமை யாருக்கு என்று தீர்மானிக்கிற போட்டி. ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் இரண்டு முறை ஆட வேண்டும். ஆக 14 சுற்று. சென்னைப் பையன்கள் இருவர் அதில் இருந்தார்கள் – பிரக்ஞானந்தா ஒருவர், பதினேழு வயது குகேஷ் மற்றொருவர். என் சிரத்தைக்கு முதல் காரணம் அந்த ஊர்ப்பாசம்தான். கலையார்வம், அறிவுத் தாகம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளலாம், சொன்னால் பொய்.

எனக்குத் துணை, எதிர்வீட்டுப் பெரியவர். ரெயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் ராத்திரி வண்டியில் போனவருக்கு இனிமேல் தூக்கம் எங்கிருந்து வரும்? மரப்பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். என் செல்போனில் ஒவ்வொரு நகர்த்தலும் வரும். நான் வாசிப்பேன், அவர் பலகையில் காயை நகர்த்துவார். பிறகு மோவாயைத் தடவிக்கொண்டு யோசிப்பார்.

செல்போனில் ஆட்டத்தோடு இன்னொன்றும் வருகிறது. அதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

பலகையின் ஓரத்தில் ஒரு பட்டை. தெர்மாமீட்டர் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். பாதி வெள்ளை, பாதி கறுப்பு. ஆட்டம் சமமாக இருந்தால் இரண்டும் சரிபாதி. வெள்ளைக்காரருக்குச் சாதகமானால் வெள்ளை உயரும். மற்றவருக்குச் சாதகமானால் கறுப்பு இறங்கி வரும். கணிப்பொறி கணத்துக்குக் கணம் லட்சக்கணக்கான நிலைகளை ஆராய்ந்து சொல்லுகிற தீர்ப்பு அது. இன்று உலகத்தில் எந்த மனிதனும் அந்தக் கணிப்பொறியை ஜெயிக்க முடியாது. ஆடுகிறவர்களுக்கு அந்தப் பட்டை கிடையாது. அவர்களுக்கு இருப்பது தலையும் கடிகாரமும்தான். முதல் 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிஷம். அதற்குள் 40-ஐ முடிக்காவிட்டால் எப்பேர்ப்பட்ட நிலையில் இருந்தாலும் தோல்வி.

இந்தப் பட்டை மனிதனை என்ன செய்கிறது என்பதை முதல் வாரத்திலேயே நான் என்னிடம் கண்டேன். அமெரிக்காவின் ஃபாபியானோ கருவானா ஒரு நாள் காயை நகர்த்தினார். பட்டை சட்டென்று சரிந்தது. "சே! என்ன மனுஷன் இவர்? இதுகூடவா தெரியவில்லை?" என்று நான் வாய்விட்டே சொன்னேன். கருவானா 2018-ல் லண்டனில் மாக்னஸ் கார்ல்ஸனோடு உலகப் பட்டத்துக்கு ஆடி, 12 ஆட்டங்களையும் சமன் செய்தவர். நான் என் தம்பி மகனிடம் தோற்கிறவன்.

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தினக் காலண்டர் தாளொன்றை எடுத்து, நாலாக மடித்து, செல்போனின் ஓரத்தில் அந்தப் பட்டை மறையும்படி வைத்தார்.

"இப்போ சொல்லுங்க ஸார், அவர் என்ன செஞ்சிருக்கணும்?"

நான் பலகையைப் பார்த்தேன். பத்து நிமிஷம் பார்த்தேன். என் கண்ணுக்கு அந்த நகர்த்தல் நல்ல நகர்த்தலாகவே தெரிந்தது.

"விடையைப் பக்கத்திலே வச்சுக்கிட்டுக் கணக்குப் போடறது கணக்காகுமா ஸார்?" என்றார் பெரியவர். அன்றிலிருந்து கடைசி நாள் வரை அந்தத் தாள் எங்கள் செல்போனில் இருந்தது. அவர் காபி குடிக்க உள்ளே போகும்போது நான் அதைச் சற்று நகர்த்திப் பார்த்தது உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழாவது சுற்றில் குகேஷ், அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார். நேர நெருக்கடி, கடைசி வினாடிகளில் தவறிப் போன ஆட்டம். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பையன் பின்னால் சொன்னது என்னை வியக்க வைத்தது. தோற்ற அன்று மிகவும் வேதனைப்பட்டாராம். அடுத்த நாள் ஓய்வு நாள். அன்று மனம் தெளிந்து, இந்தப் போட்டியை நாம் வெல்ல முடியும் என்ற எண்ணமே அப்போதுதான் உறுதியாக வந்ததாம். தவறு செய்தவனுக்கு அது ஒரு நாள் வேதனை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கோ மூன்று நாள் மனஸ்தாபம்! ஏதோ அந்தப் பையன் எனக்குத் துரோகம் செய்துவிட்டது போல.

கடைசி இரவைச் சொல்ல வேண்டும். 14-வது சுற்று. குகேஷ், நகமுராவோடு சமன் செய்து ஒன்பது புள்ளிகளோடு எழுந்துவிட்டார். இன்னொரு மேஜையில் கருவானாவும் ரஷ்யாவின் இயான் நெப்போம்னியாச்சியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் எட்டெட்டுப் புள்ளி. அதில் யார் ஜெயித்தாலும் அவருக்கும் ஒன்பது. மறுநாள் குகேஷோடு மீண்டும் மோதித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சமனாக முடிந்தால் குகேஷுக்கு அங்கேயே வெற்றி. கருவானாவின் கை ஓங்கி இருந்தது. வெல்லும் நிலை அவருக்கு ஒரு முறை அல்ல, பல முறை வந்தது.

அன்று நான் பெரியவரின் தாளை எடுத்தெறிந்துவிட்டேன். பட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெள்ளை உயர்ந்தால் நெஞ்சு அடைத்தது; சரிந்தால் பெருமூச்சு. என் மனம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்: 'தவறு செய், தவறு செய்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒரு மனிதர், எத்தனையோ வருஷ உழைப்பின் முனையில் உட்கார்ந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறார். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு திண்ணையில் இருந்துகொண்டு நான் அவர் கண் மறைய வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன். அவர் தவறினார். 109-வது நகர்த்தலில் ஆட்டம் சமனாயிற்று. தெரு விளக்குகளை அணைக்கும் நேரம். நான் குதித்தேன். பெரியவரும் கை தட்டினார். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அந்த மேஜையில் நடந்ததைக் காமிரா காட்டியது. நெப்போம்னியாச்சி, மிகவும் வருந்துகிறேன் என்றார். கருவானா, என் தவறு என்றார். இருவருக்குமே எல்லாம் போய்விட்டது. எட்டரை, எட்டரை. நெப்போம்னியாச்சி இதற்கு முன் நடந்த இரண்டு கேண்டிடேட்ஸ் போட்டிகளையும் வென்றவர். இந்த முறை ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியது அந்தச் சில சொற்கள்தான்.

என் குதிப்பு அதோடு நின்றது.

எதிராளியின் தவறால் தப்பியவன் வருந்துகிறேன் என்கிறான். தவறியவன், என்னுடையது என்கிறான். அந்த மேஜையில் தவறு என்ற சொல்லைச் சொல்ல உரிமை உள்ளவன் ஒருவனே, அவனே சொல்லிவிட்டான். நடுவில் நான் யார்? என் கையில் பட்டை இருந்ததே ஒழிய வேறு என்ன தகுதி?

என் நண்பர் ஒரு வக்கீல். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "அப்படியானால் உலகத்தில் தவறு என்று ஒன்றுமே இல்லையா? லாரி ஓட்டுகிறவன் ஒருவன் மேல் ஏற்றுகிறான். அவன் இருக்கையில் நான் உட்காரவில்லை என்பதால் நான் வாய் திறக்கக் கூடாதா? பிறகு கோர்ட் எதற்கு?" என்றார். நியாயமான கேள்விதான். நான் யோசித்தேன். பார்க்காமல் ஓட்டினவன் ஒருவன் இருக்கிறான். பார்த்தும் புலப்படாமல் போனவன் ஒருவன் இருக்கிறான். முன்னவனைக் கூண்டில் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் விளைவு தெரிந்த பிறகு நமக்கு இருவரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள். இரண்டு பேரையும் 'பார்க்கவில்லை' என்ற ஒரே வார்த்தையால் சொல்லிவிடுகிறோம். தமிழில் மட்டும் அல்ல, எந்தப் பாஷையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வக்கீல் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "எந்தக் குற்றவாளியும் இரண்டாவது கட்சியில்தான் சேருவான்" என்றார். அதுவும் சரிதான்.

பெரியவரிடம் கேட்டபோது அவர் ரெயில்வேக் கதை ஒன்று சொன்னார். எப்போதோ ஒரு விபத்து, அவர் சாட்சி. விசாரிக்க வந்தவர்கள் பகலில், விசிறிக்குக் கீழே, மேஜை மேல் பெரிய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்களாம். "அவங்களுக்குப் படத்திலே எல்லா லைனும் ஒரே சமயத்திலே தெரியுது ஸார். எங்களுக்குத் தெரிஞ்சது ராத்திரி, மழை, ஒரு விளக்கு" என்றார். அவர்கள் கேட்டதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்கத்தான் வேண்டும் என்றார். கேட்டவர்களில் ஒருவர் மட்டும், அன்று இரவு வண்டியில் ஏறி அதே இடத்தை இருட்டில் பார்த்துவிட்டு வந்தாராம். அவர் பெயர் இன்னும் பெரியவருக்கு நினைவு இருக்கிறது.

என் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதை எழுதினேன். அதில் ஒருத்தி, பிரித்துப் படிக்காமலே ஒரு கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவாள். படித்திருந்தால் அவள் வாழ்க்கை வேறு மாதிரி ஆகியிருக்கும். வாசகர்களிடமிருந்து எனக்கு எத்தனை கடிதங்கள்! "இப்படியும் ஒரு பெண் முட்டாளாக இருப்பாளா?" என்று. அவர்களுக்குக் கடிதத்தில் இருந்தது தெரியும்; முந்தின அத்தியாயத்தில் நான்தானே சொன்னேன்? அவளுக்குத் தெரியாது. கதாசிரியன் கையில் அந்தப் பட்டை எப்போதும் இருக்கிறது. அதை வாசகனுக்கும் காட்டிவிட்டு, பாத்திரத்துக்கு மட்டும் மறைப்பது சுலபமான வித்தை, பத்திரிகை விற்கும். அந்தக் கதையை இன்று எழுதினால் கடிதத்தில் இருந்ததை அவள் தெரிந்துகொள்ளும் வரை வாசகனுக்கும் சொல்லமாட்டேன். அவளோடு அவனும் அடுப்பு முன்னால் உட்காரட்டும்.

கதையில் இப்படித் திருத்திக்கொள்ள முடிகிறது. வீட்டில்?

இனிமேல் சொல்லப் போவதை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

2018-ல் என் தாயார் காலமானார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அண்ணன் வீட்டில் இருந்தார். மழைக்காலம். இரவு பதினோரு மணிக்கு நெஞ்சு எரிகிறது என்றாராம். அண்ணன் உள்ளூர் வைத்தியரை அழைத்து வந்தான். அவர் பார்த்துவிட்டு, வாயுத் தொந்தரவு என்று ஒரு மாத்திரை கொடுத்தார். அம்மாவும், "இந்த மழையிலே எங்கே போறது? காலையிலே பாத்துக்கலாம்" என்றாராம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் காருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அண்ணன் காலை வரை பார்க்கலாம் என்று முடிவு செய்தான். நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு.

நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு. கூடத்தில் உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் நான் அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்: "ராத்திரியே அழைச்சுக்கிட்டுப் போயிருக்கலாமே, அண்ணா?"

அவன் பதில் சொல்லவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், துக்கத்தில் கேட்டுவிட்டான் என்று எல்லாரும் மன்னித்திருப்பார்கள். ஆனால் நான் அதைத் துக்கத்தில் மட்டும் கேட்கவில்லை. பிறகு ஆறு வருஷமும் மனத்துக்குள் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். தீபாவளிக்கும் திதிக்கும் பேசிக்கொள்வோம். நெல் விலை, மழை, குழந்தைகள் படிப்பு. அந்த இரவைப் பற்றி அவனும் சொன்னதில்லை, நானும் விசாரித்ததில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? எனக்குத்தான் விடை தெரியுமே. அது வாயு அல்ல, மாரடைப்பு. பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தவனுக்கு அது தெரிந்திருந்தது.

டொராண்டோ முடிந்த பிறகு இது என்னை உறுத்தியது. ஆனாலும் நான் ஒன்றும் செய்யவில்லை. உறுத்தலோடு சௌகரியமாக வாழ்வதில் எழுத்தாளர்கள் கெட்டிக்காரர்கள்.

அந்த வருஷக் கடைசியில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான ஆட்டம். குகேஷுக்கு எதிரே சீனாவின் டிங் லிரென், 2023-லிருந்து உலக சாம்பியன். 14 ஆட்டங்கள். 13 முடிந்தபோது ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிசம்பர் 12-ம் தேதி கடைசி ஆட்டம். இப்போது பகல் வேளை, பெரியவருக்குச் சௌகரியம். பட்டைக்குப் புதுக் காலண்டர் தாள்.

அந்த ஆட்டத்தின் 55-வது நகர்த்தலைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கோட்டை என்பதை நாம் யானை என்போம். பாதிரியார் என்பதை மந்திரி என்போம். டிங் வெள்ளை. அவரிடம் ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி, ஒரு சிப்பாய். குகேஷிடம் ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி, இரண்டு சிப்பாய். ஒரு சிப்பாய்தான் வித்தியாசம். யானைகள் பலகையில் இருக்கும் வரை அந்த ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. ஆட்டம் சமன்தான் என்று எல்லாரும் தீர்மானித்துவிட்டார்கள். மறுநாள் வேகமான ஆட்டங்களில் முடிவு என்று பேச்சு.

டிங்கின் மந்திரி பலகையின் மூலைக் கட்டத்தில் போய் நின்றிருந்தது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு வழிதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிங் தம் யானையைக் குகேஷின் யானைக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். மாற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தம். அன்று தொடக்கத்திலிருந்தே அவர் ஆட்டத்தைக் குறைத்து, எளிதாக்கி, சமனில் முடித்துவிட விரும்பினார் என்றே எனக்குப் பட்டது. யானைகள் வெட்டிக்கொண்டன. உடனே குகேஷ் தம் மந்திரியை, அந்த மூலை மந்திரிக்கு இருந்த ஒரே வழியின் நடுவில், தம் ராஜாவின் துணையோடு கொண்டுபோய் நிறுத்தினார். இனி அதற்குப் போக்கிடம் இல்லை. மந்திரிகளும் வெட்டிக்கொண்டே ஆக வேண்டும். மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். ஒன்றுக்கு இரண்டு. அது பள்ளிக்கூடப் பையனும் ஜெயித்துவிடக்கூடிய கணக்கு. மூன்று நகர்த்தல்களுக்குப் பிறகு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

பெரியவரும் நானும் அந்த நகர்த்தலைப் பலகையில் வைத்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "யானையை மாத்திக்கிறார்" என்றார் பெரியவர். "சரிதானே" என்றேன் நான். குகேஷுக்கே முதலில் தெரியவில்லையாம்! தம் யானையை வேறிடத்துக்கு நகர்த்தவே கை எடுக்க இருந்தாராம். பிறகுதான் கண்ணில் பட்டதாம். டிங்குக்கு எப்போது தெரிந்தது? அதை அவரே சொன்னார். எதிரே இருந்தவரின் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்த பிறகுதான் தாம் தவறிவிட்டோம் என்று உணர்ந்தாராம். தன் தவறைப் பலகையில் காணவில்லை. அடுத்தவன் முகத்தில் கண்டார். இதை எத்தனை நாவல் எழுதினாலும் நான் கற்பனை செய்திருக்க மாட்டேன்.

உலகம் என்ன சொல்லிற்று? பட்டை வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கணமே கூவினார்கள். முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், நாம் அறிந்த சதுரங்கம் இதோடு முடிந்தது என்று எழுதினார். உலகப் பட்டம் இப்படிக் குழந்தைத்தனமான ஒரு தவறால் தீர்மானிக்கப்பட்டதே இல்லை என்றும் சொன்னார். கிராம்னிக் சாதாரண ஆள் அல்ல. காஸ்பரோவை வென்று பட்டம் பெற்றவர். அவருக்குப் பட்டையும் வேண்டாம், பார்வையே போதும். ஆனால் இங்கே எனக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வந்தன.

ஒன்று, 1892-ல் ஹவானாவில் நடந்தது. ஸ்டெய்னிட்ஸ் சாம்பியன், எதிர்த்தவர் ரஷ்யாவின் மிகயீல் சிகோரின். முதலில் பத்து வெற்றி பெறுபவருக்குப் பட்டம். ஸ்டெய்னிட்ஸுக்கு ஒன்பது, சிகோரினுக்கு எட்டு. 23-வது ஆட்டத்தில் சிகோரின் ஜெயிக்கும் நிலையில் இருந்தார். அவருடைய ராஜாவின் வாசலை ஒரு மந்திரி காத்துக்கொண்டிருந்தது. அந்த மந்திரியையே அவர் எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். எதிராளியின் இரண்டு யானைகளும் உள்ளே வந்தன. இரண்டு நகர்த்தலில் ராஜா வீழ்வதற்கு வேறு தடையே இல்லை. பட்டமும் அதோடு போயிற்று. ஆகவே உலகப் பட்டம் ஒரே ஒரு நகர்த்தலில் கை நழுவுவது புதிது அல்ல. 132 வருஷப் பழமை அதற்கு உண்டு.

இரண்டாவது, 2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்தில் நடந்தது. உலக சாம்பியனாக இருந்தவர் ஒருவர் 'டீப் ஃபிரிட்ஸ்' என்ற கணிப்பொறியோடு ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில், நல்ல நிலையில் இருந்துகொண்டு, தம் ராணியை ஒரு கட்டத்தில் வைத்தார். அடுத்த ஒரே நகர்த்தலில் இயந்திரம் அவர் ராஜாவை வீழ்த்திவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் நாள் கற்றுக்கொள்கிற ஆபத்து அது. அவர் அதைக் காணவில்லை. அந்த உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக்.

அவரை இடித்துக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு இதில் அச்சமே உண்டாகிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அதே இருட்டை அனுபவித்த மனிதருக்கும், பதினெட்டு வருஷம் கழித்து வெளியே நின்று பார்க்கும்போது உள்ளே இருப்பவனின் இருட்டு தெரியவில்லை. அனுபவம் கருணையைக் கற்றுத் தரும் என்று என் கதைகளில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன்! எழுதும்போது கேட்க நன்றாக இருக்கும். தோற்ற டிங் அன்று பேசியது வேறு விதம். முந்தின நாள் தாம் தப்பித்தது அதிர்ஷ்டம்; ஆகவே கடைசியில் தோற்றது நியாயமான முடிவுதான்; வருத்தம் இல்லை என்றார். வென்ற பையனும் டிங்கை உண்மையான சாம்பியன் என்று புகழ்ந்தான். மறுபடியும் அந்த மேஜையில் இருந்த இருவருக்கு மட்டுமே பேசத் தெரிந்திருந்தது.

மறுநாள் மாலை பெரியவர் வந்தார். பலகையில் ஏதோ ஒரு நிலையை அடுக்கினார். "இது எந்த ஆட்டம்?" என்று கேட்டேன். "அது வேண்டாம். வெள்ளை நீங்க. அஞ்சு நிமிஷம்" என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். இரண்டு நிமிஷம் நன்றாக யோசித்தேன். மூன்றாவது நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் பலகையைப் பார்க்கவே இல்லை என்று தோன்றுகிறது. பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன். ஒரு குதிரையை எடுத்து வைத்தேன். பெரியவர் பேசாமல் தம் யானையால் என் ராணியை எடுத்துக்கொண்டார். அது நேர் வரிசையில், எதிரே, திறந்த வழியில் நின்றிருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

அன்று இரவு அண்ணனுக்குப் போன் செய்தேன். தீபாவளியும் இல்லை, திதியும் இல்லை; அவன் பதறிப்போய், "என்னடா, எல்லாரும் சௌக்கியமா?" என்றான். சௌக்கியம் என்றேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவனே, "சிங்கப்பூர்லே நம்ம மெட்ராஸ் பையன் ஜெயிச்சானாமே, பேப்பர்லே பார்த்தேன்" என்றான். எனக்குப் போன உயிர் வந்தது. ஆட்டத்தை விவரமாகச் சொன்னேன். அண்ணனுக்கும் சின்ன வயதில் சதுரங்கம் தெரியும். அப்பாவிடம் கற்றுக்கொண்டவன் அவன்தான். மூலையில் இருந்த மந்திரியைச் சொன்னேன். யானையைக் கொண்டுவந்து வைத்ததைச் சொன்னேன். எதிரே இருந்தவன் முகத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டதையும் சொன்னேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. கிணற்றடி மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏன்டா, அந்த மனுஷனுக்கு எவ்வளவு நேரம் இருந்தது?" என்றான்.

நகர்த்தல்களை எல்லாம் பார்த்த நான் அந்தக் கடிகாரத்தைக் கவனிக்கவில்லை.

"நான் அதைப் பார்க்கலை, அண்ணா" என்றேன்.

"சரி. சாப்பிட்டியா?" என்றான்.